இப்போது பாவிப்பதில்லை

1

மண்டபத்தை விட்டு வெளியே வந்து பெரிய தெருவில் ஏறும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. நபீல் பின்னால் வந்துகொண்டிருந்தான். கையில் கடதாசித் துவாயில் சுற்றிய பக்லாவா இரண்டு துண்டு, மகளுக்காம். ட்ராமில் போவோம் என்று அவன் சொன்னது காதில் விழாதவன்போல நடந்தேன். கூட்டம் கலையும்போது கூட்டத்து ஆட்களோடு ஒரே வண்டியில் ஏறுவதில்லை என்பது எனக்கு ஊரிலிருந்தே வந்த பழக்கம். பேர்ண் ஸ்டேசனுக்கு அங்கிருந்து நடக்கத் தூரம்தான். நடந்தோம்.

"நீ ஏன் குனிஞ்சனீ?" என்று கேட்டான்.

"சப்பாத்துக் கயிறு அவிண்டு போச்சு."

"படம் எடுக்கேக்கையோ?"

நான் நடையை எட்டிப் போட்டேன்.

நபீல் சிரியாக்காரன். பீல் நகரில் நான் கூட்டித் துடைக்கிற மணிக்கூட்டுப் பாகத் தொழிற்சாலையில் நிரந்தர வேலைக்காரன். சிரியாவில் பழைய ஆட்சி விழுந்தபிறகு, ஊடகங்களுக்கான புது விதிகளை எழுதுகிற குழுவில் இருக்கிற சட்டத்தரணி ஒருவர் சுவிஸுக்கு வருகிறார், சிரியா ஆட்களோடு கதைக்கப்போகிறார் என்று அறிந்து என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். எனக்கு அரபு தெரியாது. "உனக்கு இப்பிடியான கூட்டங்கள் தெரியும், வந்து ஆக்களைப் பார்" என்றுதான் கூப்பிட்டான். வந்து பார்த்தேன். கதவோரமாக ஒரு கதிரை பிடித்து இருந்தேன். மண்டபத்துக்கு யார் வாடகை கட்டினது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கோப்பி இலவசம், பக்லாவாவும் இலவசம். இலவசமாகச் சாப்பாடு தருகிற அரசியல் கூட்டத்தில் நான் கையை மடியில்தான் வைத்திருப்பேன்.

சட்டத்தரணி நல்ல மனுசன் மாதிரித்தான் இருந்தார். வயது ஐம்பதுக்குள். இனி யாரும் பத்திரிகை தொடங்கலாம், பதிந்தால் போதும், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் திரும்பி வாருங்கள், உங்கள் அனுபவம் நாட்டுக்குத் தேவை என்று சொன்னாராம். நபீல் என் காதுக்குள் தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் எழும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான். தன்னைச் சிறையில் போட்ட பிரிவு, தேசிய உணர்வைப் பலவீனப்படுத்துகிற செய்தி எழுதினால் தண்டனை என்ற அந்தப் பிரிவு, அதை நீக்கிவிட்டீர்களா என்று.

சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு வசனம் சொன்னார். நபீல் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. கதிரையில் திரும்ப இருந்து சிரித்தான். பிறகு எல்லாரும் படத்துக்கு எழும்பினார்கள். நபீல் போய் அவருக்கு வலப்பக்கம், முன்வரிசையில் நின்றான். நான் கயிறு கட்டக் குனிந்தேன்.

ஸ்டேசன் படியில் ஏறும்போதுதான் அந்த வசனம் என்னவென்று கேட்டேன்.

"நீக்கேல்லையாம். ஆனால் இப்ப பாவிக்கிறதில்லையாம், சும்மா சட்டத்திலை கிடக்குதாம்."

"நல்லம்," என்றேன்.

"நல்லம்தானே," என்றான் அவன். நான் சொன்ன நல்லம் வேறு.

2

நானும் அவனும் கதைக்கிற மொழியைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். பீலில் பாதிச் சனம் ஜெர்மன், பாதிச் சனம் பிரெஞ்சு. நான் ஜெர்மனைத் தவறாகக் கதைக்கிறவன், அவன் பிரெஞ்சைத் தவறாகக் கதைக்கிறவன். நடுவில் சந்திப்போம். இங்கே அவன் சொன்னதையெல்லாம் என் வாய்த் தமிழிலேயே எழுதுகிறேன். அப்படித்தான் எனக்குக் கேட்டது.

நான் ஒரு வேலையில் இரண்டு வருசம் இருந்தது கிடையாது. வில் நகரில் பிளாஸ்டிக் கொம்பனி, ஓஸ்டர்முண்டிகனில் இருந்தபோது ஆஸ்பத்திரி உடுப்புத் தோய்க்கிற இடம், நடுவில் நாலைந்து சமையலறை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவனுக்கு இங்கே வேலை கிடைக்கும். வேலையில் ஒரு இடம் கிடைக்காது. இப்போது ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒரு கொம்பனி என்னை அந்தத் தொழிற்சாலைக்கு அனுப்பியிருக்கிறது. அழைத்தால் போகவேண்டும். அழைக்காவிட்டால் வீட்டில் இருக்கவேண்டும்.

நபீல் அங்கே கழுவுகிற பகுதியில் இருந்தான். நகம் அளவுகூட இல்லாத பித்தளைத் தகடுகள், மணிக்கூட்டுக்குள் சுற்றுகிற பல்லுச் சில்லுகள், எண்ணெய் பிடித்து வரும். கம்பிக் கூடையில் போட்டு ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தொட்டிகளில் இறக்கி எடுக்கவேண்டும். கவனம் தப்பினால் ஒரு கூடையே பழுது. சொந்த ஊரில் பத்திரிகையாளன். ஊர்வலம் ஒன்று நடந்தது, இத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதியதற்காக ஒரு மாரியும் ஒரு கோடையும் உள்ளே இருந்தவன். அது பொய்யா என்று கேட்டதற்கு, குறைத்துத்தான் எழுதினேன் என்றான்.

என்னோடு கூட்டித் துடைக்கிற மூனியா துனீசியாக்காரி. வயதில் எனக்கு மூத்தவள், வாய் பெரிது. மத்தியானம் கோப்பி மெசினடியில் மூன்று பேரும் நிற்போம். நபீல் நாட்டில் ஆட்சி விழுந்த கிழமை அவள்தான் கேக் வாங்கிவந்தாள். வெட்டித் தந்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாச் சாப்பிடு. எங்களுக்கும் இப்பிடித்தான் இனிச்சது."

மூனியாவின் நாட்டில்தானே இந்த அரபு எழுச்சியெல்லாம் முதலில் தொடங்கியது. எழுச்சிக்குப் பிறகு வானொலி, தொலைக்காட்சி எல்லாம் திறந்ததாம். தேத்தண்ணிக் கடையில் அமைச்சரைப் பேர் சொல்லித் திட்டலாமாம். அவளுடைய தம்பி ஒரு சின்ன வானொலியில் காலைச் செய்தி வாசித்தான். சில வருசங்கள் போனபிறகு பொய்ச் செய்திக்கு எதிராக ஒரு ஆணை வந்தது.

"பேரைப் பார், எவ்வளவு வடிவு," என்றாள் மூனியா. "பொய்ச் செய்தி ஆருக்குப் பிடிக்கும்? நானும் நல்ல சட்டமெண்டுதான் நினைச்சன். எது பொய் எண்டு ஆர் சொல்லுறது எண்டதைத்தான் ஒருத்தரும் கேக்கேல்லை."

தம்பி இப்போது ஓட்டுக் கடை வைத்திருக்கிறான். கூரை ஓடு. அதைப் பற்றி யாரும் பொய் சொல்லமுடியாதாம்.

நபீல் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே கேட்பான். எங்களுக்கு அப்படி வராது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அப்படி நினைக்கிறவனின் சிரிப்பு அது.

3

இதை வாசிக்கிற உங்களில் வயது போனவர்களுக்கு வெள்ளை இடங்கள் நினைவிருக்கும். யாழ்ப்பாணத்தில் நான் ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் பேப்பர் மடித்துக் கட்டுக் கட்டிக் கொடுக்கிற வேலை செய்தேன். தணிக்கைக்குப் போய்வரும் பக்கங்களில் வெட்டின செய்தியின் இடத்தை அப்படியே வெள்ளையாக விட்டுவிடுவார்கள். சனம் எழுத்தை விட்டுவிட்டு வெள்ளையைத்தான் முதலில் பார்க்கும். பெரிய வெள்ளை என்றால் பெரிய அடிபாடு.

பிறகு சமாதான காலம் வந்தது. வெள்ளை இடங்கள் நிரம்பின. அதுவரை புனைபெயரில் எழுதினவர்கள் சொந்தப் பெயரில், சிலர் படமும் போட்டு, எழுதத் தொடங்கினார்கள். எங்களோடு நிலத்தில் இருந்து பார்சல் பிரித்துச் சாப்பிடுகிற நிருபர் ஒருவர் இருந்தார், ரவியண்ணை. அவர் தன் படம் வந்த பேப்பரைத் தாய்க்குக் காட்டவென்று என்னிடம் ஒரு பிரதி கூடுதலாக வாங்கினார். சண்டை திரும்பி வந்தபோது தேடுகிறவர்களுக்குத் தேடவேண்டிய வேலையே இருக்கவில்லை. பெயரும் முகமும் பழைய பேப்பர்களில் இருந்தன. ரவியண்ணையின் சைக்கிள் மட்டும்தான் வீட்டுக்கு வந்தது.

நான் கொழும்புக்குப் போய், பாங்கொக் போய், இத்தாலிக்குள்ளால் இங்கே வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. என்னை யாரும் தேடவில்லை. கட்டுக் கட்டுகிறவனை யார் தேடுவது. ஆனால் ஒன்று பிடிபட்டது. கதவு மூடியிருக்கிற காலம் ஆபத்தில்லை. எல்லாரும் உள்ளே இருப்பார்கள். கதவு திறக்கிற காலத்தில்தான் வெளியே வருகிறவர்களை எண்ணிக்கொள்கிறார்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று. எங்கள் நாட்டில் பயங்கரவாதத்தைத் தடுக்க, தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம் ஒன்று இருக்கிறது, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் பிறக்கமுன் வந்தது. எனக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அதற்கு நரைக்கவில்லை. ஒவ்வொரு ஆட்சியும் வரும்போது இனிப் பாவிக்கமாட்டோம் என்றுதான் சொல்லும். அலுமாரிக்குள் வைத்த கத்தி அலுமாரிக்குள்தானே இருக்கிறது என்று நம்பவேண்டும்.

இதையெல்லாம் நபீலுக்குச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரவியண்ணை எழுதினது சனத்துக்குப் பிரயோசனப்பட்டதோ?" என்று கேட்டான்.

ஓம் என்றேன். பொய் சொல்லமுடியாதே.

4

கூட்டத்துப் படம் அன்று பின்னேரமே முகப்புத்தகத்தில் வந்துவிட்டது. மூனியா கைபேசியில் எடுத்துக் காட்டினாள். நபீல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான். கதவோரத்தில் ஒரு முதுகு. "இது ஆர், தொழுகிறாரோ?" என்று கேட்டாள்.

சுவிஸில் எங்களுடைய ஆட்கள் பலபேருக்குக் கமராவைக் கண்டால் சப்பாத்துக் கயிறு தானாக அவிழும். ஊர்வலங்கள் நடந்த காலத்தில் பழகியது. படத்தில் நின்றவன் ஊருக்குப் போனால் விமான நிலையத்தில் அந்தப் படத்தையே மேசையில் வைத்து, இது நீதானே என்று கேட்பார்கள் என்ற பயம். சிலருக்கு நடந்தது, மிச்சப்பேருக்கு நடக்கவில்லை. குனிகிற பழக்கம் எல்லாருக்கும் வந்துவிட்டது.

என் மகள் தாயோடு ஓஸ்டர்முண்டிகனில் இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் தொழில் பழகுகிறாள். அவள் பெரிய பிள்ளையானபோது வைத்த சாமத்திய வீட்டு ஆல்பத்தில் பெரிய படங்களில் எல்லாம் நான் பாதி ஆள்தான். ஒரு படத்தில் தலைமயிர் மட்டும். போன மாதம் அதைப் புரட்டிக்கொண்டே, "அப்பா, கமரா வைச்சிருந்தது சிஐடி இல்லை, சித்தப்பா" என்றாள். பிறகு அதையே பேர்ண் ஜெர்மனில் தன் சிநேகிதிக்குச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்கு நான் எதற்குக் குனிகிறேன் என்று விளங்காது. விளங்காமல் இருக்கத்தானே இங்கே வளர்த்தேன் என்று நினைத்தால் அது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே குடும்பத்தில் இரண்டு வேறு நாட்டவர்கள் இருக்கிறமாதிரியும் இருக்கிறது.

நபீலின் படம் எனக்கு இரண்டு பக்கத்தாலும் பயமாக இருந்தது. அங்கே நாளைக்கு ஆட்சி மாறினால் முன்வரிசையில் நின்றவன் இவன். இங்கே மட்டும் என்ன? அகதி என்று சொல்லி வந்தவன் தன் நாட்டு அரசாங்கத்து ஆளோடு கூடி நின்று சிரிக்கிறான் என்றால், அப்படியானால் உனக்கு அங்கே ஆபத்தில்லைத்தானே என்று ஒருநாள் கேட்பார்கள். இங்கத்தைய அலுவலகங்களில் யாரும் சத்தம் போடுவதில்லை. அதனால்தான் எனக்கு அவர்களைக் கூடுதலாகச் சந்தேகம்.

5

கேட்கவேண்டி வரவில்லை. அவனே அலுவலகத்துக்குப் போனான்.

பனி விட்ட கிழமை அது. மாநிலக் குடிவரவு அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தாளாம், மிக அன்பாக விளங்கப்படுத்தினாளாம். அகதி அந்தஸ்தோடு சொந்த நாட்டுக்குப் போகமுடியாது. அதைக் கைவிடுவதென்றால் அவனாகக் கையெழுத்து வைக்கலாம். இங்கே இருக்கத் தந்த பி விசா அதோடு போகாது. ஆனால் ஆறு மாதத்துக்குமேல் வெளியே நின்றால் அதுவும் போய்விடும். மனைவி பிள்ளைகளின் நிலையைத் தனியாகப் பார்ப்பார்கள்.

"ஆறு மாதம்," என்றான் நபீல். "போதும். பழைய பத்திரிகை ஆசிரியரும் நானும் ஊரிலை ஒரு பேப்பர். நாலு பக்கம். கிழமைக்கு ஒருக்கால்."

"ஆறு மாதத்துக்குப் பிறகு?"

"சரிவந்தால் மனுசி பிள்ளையளைக் கூப்பிடுவன். சரிவராட்டில் திரும்பி வருவன்."

"சரிவராமல் போறது ஆறு மாதத்துக்குள்ளை நடக்கவேணும். ஏழாம் மாதம் நடந்தால்?"

"அந்தப் பெண் சொன்னது சட்டத்திலை இருக்கு. நானே வாசிச்சன்."

"இஞ்சை சட்டத்திலை இருந்தால் நடக்கும் எண்டுறாய். அங்கை சட்டத்திலை இருந்தால் பாவிக்கமாட்டினம் எண்டுறாய். ரெண்டையும் எப்பிடி ஒரே ஆள் நம்புறது?"

  வேலையை விடுவதாக ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டான் என்று அப்போதுதான் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. நிரந்தர வேலை ஒன்றை ஒருவன் தானாக விடுவதைப் பார்க்க என் கண்ணுக்குப் பொறுக்காது. அந்தப் பிரிவை எடுத்துத் தூசி தட்டினால் முதலில் உன்னில்தான் பாவிப்பார்கள், ஏற்கனவே ஒருமுறை பாவித்த ஆள் என்று சொன்னேன்.

"பாவிச்சால் எழுதுவன்."

"எதிலை எழுதுவாய்?"

அதற்கு அவனே சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பு நின்றது.

"உனக்கு ஒண்டு சொல்லட்டோ? உனக்கு இது பிழையாய்ப் போகவேணும். பிழையாய்ப் போனால்தான் நீ இவ்வளவு காலமும் குனிஞ்சது சரியாய் இருக்கும்."

கோப்பி மெசினடியில் நின்ற மூனியா வாளியை எடுத்துக்கொண்டு அப்பால் போய்விட்டாள். அவளுக்குத் தெரியும் எந்த இடத்தில் நிற்கக்கூடாது என்று.

பல நாள் நான் அதை யோசித்துக்கொண்டு திரிந்தேன். பஸ்ஸில், தரை துடைக்கும்போது. அவன் சொன்னது முழுக்க உண்மை இல்லை. முழுக்கப் பொய்யும் இல்லை. அந்த நாட்டுச் செய்தி கைபேசியில் வந்தால், எங்கேயோ ஒரு பத்திரிகையாளனைப் பிடித்தார்கள் என்று இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன். இல்லாவிட்டால் நிம்மதி வரவேண்டும். வருகிறதில்லை. செய்தி இன்னும் வெளியே வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

6

அவன் போன பின்னேரம் பீல் ஸ்டேசனுக்கு நானும் போனேன். மனைவி ஹனான் வரவில்லை, வீட்டிலேயே நின்றுவிட்டாள். மகள் ரீம்தான் வந்திருந்தாள். இங்கே பிறந்தவள், ஆறாம் வகுப்பு. தகப்பனோடு பிரெஞ்சில் கதைப்பாள், அவன் அரபில் பதில் சொல்வான். அந்தப் பேப்பரைத் தன்னால் வாசிக்கமுடியாதே என்று அவனிடம் முறையிட்டாளாம். படம் நிறையப் போடுகிறேன் என்று சமாதானம் சொல்லியிருக்கிறான்.

சூரிச் விமான நிலையம் போகிற ரயில் வர நேரமிருந்தது. ரீம் கைபேசியைத் தூக்கினாள். நபீல் என் தோளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினான். நான் குனிந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, முழங்கால் தானாக மடிந்தது. கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது. அதை அவிழ்த்து, திரும்பக் கட்டினேன். நிமிர்ந்தபோது ரீம் கைபேசியை அப்படியே பிடித்தபடி நின்றாள்.

"முடிஞ்சுதோ?" என்றாள். "நான் நிக்கிறன்."

அந்தப் படத்தில் நான் முழுதாக இருக்கிறேன். முகம் நன்றாக இல்லை.

ஏறும்போது நபீல் பயந்துவிட்டான் என்பது எனக்குத் தெரிந்தது. கைப்பையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டே நின்றான். போகாதே என்று இன்னொருமுறை சொல்லியிருக்கலாம். அப்போது சொன்னால் நின்றிருப்பான் என்றும் நினைக்கிறேன். சொல்லவில்லை. "எழுதி முடிச்சவுடனை வா" என்றேன். கதவு மூடியபிறகு ரீமை வீட்டுக் கதவடிவரை கொண்டுபோய் விட்டேன்.

அடுத்தநாள் காலை தொழிற்சாலையில் வாளியைக் கையில் எடுக்கமுன்னமே ஷெஃப் என்னைக் கூப்பிட்டார். நபீலின் மேலாளரைத்தான் அப்படிச் சொல்வோம், பீல்காரர், குறைவாகக் கதைக்கிற மனுசன். கழுவுகிற பகுதிக்கு ஆள் வேண்டும், நபீல் போகமுன் என் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், மெதுவான கை, ஆனால் எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிறவன் என்று. இந்த வேலைக்கு அது நல்லம். நிரந்தரமாகவே எடுக்கலாம், விருப்பமோ என்று கேட்டார்.

நிரந்தரம். இத்தனை வருசத்தில் இந்த நாட்டில் எனக்கு ஒருவரும் சொல்லாத சொல். வெளியே மூனியா கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு மாதத்துக்கு மட்டும்," என்றேன். "தற்காலிகம் எண்டு போடுங்கோ."

ஜெர்மன் பிழையாக வந்துவிட்டது என்று நினைத்து, அவர் திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னேன். ஏன் என்றார். இது நபீலின் இடம் என்றேன். அவன் வேலையை விட்டு எழுதிக் கொடுத்துவிட்டானே, சட்டப்படி இடம் காலிதான் என்றார். ஓம், தெரியும் என்றேன்.  அவர் தோளைக் குலுக்கிவிட்டு, ஆறு மாதம், பிறகு பார்ப்போம் என்றார்.

வெளியே வந்ததும் மூனியா, "போகாதை, போகாதை எண்டு சொல்லிச் சொல்லியே அவன்ரை இடத்துக்கு வந்திட்டாய்" என்றாள். தற்காலிகம் என்று சொன்னதும் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் மூடி நான் கண்டது குறைவு.

கழுவுகிற பகுதியில் அவனுடைய வெள்ளை மேலங்கி ஆணியில் தொங்கியது. அதன் கை எனக்குக் கொஞ்சம் நீளம். அலுமாரிக் கதவில் அவன் பெயர் ஒட்டியிருந்தது. ஷெஃப் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பத் தொடங்கினார். இருக்கட்டும் என்றேன். அவர் விட்டுவிட்டார். கிளம்பின மூலையைப் பெருவிரலால் திரும்ப அழுத்தி ஒட்டினேன். முதல் கூடை வந்திருந்தது. எல்லாம் பல்லுச் சில்லுகள். ஒருமுறை பார்த்தேன், இன்னொருமுறை பார்த்தேன், தொட்டிக்குள் இறக்கினேன்.